ஹாலம்மாவின் டிஸ்க்கில் மூவாயிரம் குடும்பங்கள்

தாவணகெரேயில் கல்யாண வயதில் பிள்ளையோ பெண்ணோ இருக்கிற வீட்டு வாசலில் ஹாலம்மாவின் செருப்பு கிடந்தால், உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நல்லதுக்குத்தான் வந்திருக்கிறாள், வரன்தான் கொண்டுவந்திருக்கிறாள். ஆனாலும் காப்பி டம்ளரை அவள் கீழே வைப்பதற்குள், அந்த வீட்டுக்காரர்கள் ஊருக்குத் தெரியாமல் மூடி வைத்திருந்த சமாசாரம் எதுவாக இருந்தாலும் கூடத்துக்கு வந்துவிடும். அப்படிக் கேள்வி கேட்கிற வாய் அவளுக்கு.

“எங்கிட்ட மறைக்காதீங்க தாயி. மறைச்சுப் பண்ணின கல்யாணம் மூணே மாசத்துல சந்தி சிரிச்சுடும். சொல்லிடுங்க, என் வயித்தைத் தாண்டி வெளிய போகாது” என்பாள். போகவும் போகாது. சம்பந்தம் கூடி வந்தால், சொல்ல வேண்டியதை அவரவர் வாயாலேயே எதிர்வீட்டாரிடம் சொல்ல வைப்பாள். கூடவில்லை என்றால் சேதி அவளோடு நின்றுவிடும். இருபத்தாறு வருஷமாக இதே கட்டுப்பாடு.

இந்த வேலைக்கு அவள் வந்ததே ஒரு காதினால்தான். அவளுடைய தங்கைக்கு ராணிபென்னூரில் மாப்பிள்ளை பார்த்தார்கள். மாப்பிள்ளைக்கு இடது காது கேட்காது. அதை அந்த வீட்டார் பூசி மெழுகிவிட்டார்கள். தங்கை ஆறு மாசம் அந்தக் கேட்காத காதுப் பக்கமே உட்கார்ந்து ஆசையாசையாகப் பேசிப் பார்த்து, மனுஷனுக்கு எவ்வளவு திமிர் என்று முடிவு கட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஹாலம்மாதான் போய் உட்கார்ந்து, கேட்கிற விதமாகக் கேட்டு, விஷயத்தை வாங்கினாள். தங்கை திரும்பிப் போய் வலது பக்கம் உட்கார்ந்தாள். இப்போது அவர்களுக்குப் பேரன் இருக்கிறான். அன்றைக்கே ஹாலம்மாவுக்கு உறைத்துவிட்டது, ஊரில் பாதி சண்டை மறைப்பதால்தான் வருகிறது என்று. வீட்டு முன்னறையில் ‘வரன் மையம்’ என்று ஒரு பலகை மாட்டினாள். புருஷன் கொட்ரப்பா அப்போது அரசு பஸ்ஸில் கண்டக்டர். விசில் ஊதியதைத் தவிர அதிகம் வாய் திறக்காதவர். பலகையை மாட்ட ஏணி பிடித்தார், அவ்வளவுதான்.

பதினோரு நீள நோட்டுகள் நிரம்பின பிறகு கரையான் வந்தது. கரையானுக்கு எது ரகசியம், எது ஜாதகம்! நான்கு நோட்டைத் தின்று தீர்த்துவிட்டு ஐந்தாவதைத் தொட்டபோதுதான் ஹாலம்மா கண்டுபிடித்தாள். மறுநாளே, பொரி அடுப்புகள் வரிசையாக இருக்கிற மண்டக்கி பட்டிப் பக்கம் போய், லேப்டாப் பழுது பார்க்கிற மெஹருன் கடையில் ஒரு பழைய லேப்டாப் வாங்கினாள். வாங்கும்போதும் சும்மா வாங்கவில்லை. முதலில் யார் வைத்திருந்தார்கள், ஏன் விட்டார்கள், ஏதாவது வியாதி உண்டா என்று மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரியே விசாரித்தாள். பெங்களூர்க் கம்பெனி ஒன்று கழித்துக் கட்டியது, பிறகு ஹரிஹரத்தில் ஒரு காலேஜ் வாத்தியார் வைத்திருந்தார், பேட்டரி நிற்காது, மற்றபடி நல்ல மாதிரி என்று மெஹருன் ஒன்று விடாமல் சொன்னாள். “மூணாந்தாரம்தான், பரவாயில்ல. குணம் நல்லாருந்தா போதும்” என்று ஹாலம்மா முடித்தாள். உள்ளே இடம் போதாது என்று தனியாக ஒரு வெளி டிஸ்க்கும் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு விரலால் இரண்டு வருஷம் தட்டித் தட்டி ஏற்றினாள். கரையான் தின்ற நான்கு நோட்டை நினைவிலிருந்தே ஏற்றினாள் என்றால் அந்தத் தலை எப்படிப்பட்ட தலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு ஒரு உறை. அதில் போட்டோ, ஜாதகம், படிப்பு விவரம். கடைசியாக ஒரு தாள், அதற்கு அவள் வைத்த பெயர் ‘வயிறு’. யாரிடமும் சொல்லாதே என்று சொல்லி அவளிடம் சொன்னதெல்லாம் அதில். ஏற்றி முடித்ததும் மிச்ச நோட்டுகளை வெந்நீர் அடுப்பில் போட்டாள். இனிமேல் கரையான் என்ன செய்யும் என்று கொட்ரப்பாவிடம் சவால் விட்டாள். அவர், அதானே, என்றார்.

இந்த வருஷம் விஜயதசமி கழிந்த நான்காம் நாள், வெள்ளிக்கிழமை காலை, ஹாலம்மா லேப்டாப்பைத் திறந்து பொத்தானை அமுக்கினாள். கறுப்புத் திரை. மேல் மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அணைத்தாள், போட்டாள். அதே கோடு, அதே சிமிட்டல். ஒன்பது தடவை அணைத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வாழ்க்கையிலேயே பெரிய வரன் கூட்டம். ஹாவேரி, சித்ரதுர்கா, பள்ளாரி, ஷிவமொக்கா என்று அறுநூறு குடும்பம் கல்யாண மண்டபத்துக்கு வருகிறது. பெரிய திரையில் ஒவ்வொரு போட்டோவாகக் காட்டி, அவளே மைக்கில் அறிமுகம் செய்து வைப்பதாக ஏற்பாடு. சமையல்காரரிடம் ஹோளிகை என்கிற போளிக்கு வெல்லம் கூடச் சொல்லியாகிவிட்டது. எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது. வேறு எங்கேயும் கிடையாது.

ஹாலம்மா லேப்டாப்பையும் அதோடு ஒயரில் தொங்கிய டிஸ்க்கையும் அப்படியே பழைய பருத்திச் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கொட்ரப்பாவின் மொபெட்டில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

மண்டக்கி பட்டியில் நுழைந்தாலே பொரி வறுபடும் வாசனையும் உமிப் புகையும்தான். மெஹருனின் புருஷன் தாதாபீர் பின்கட்டில் மண்டக்கி வறுக்கிறார். முன்கட்டில் அவள் லேப்டாப் பழுது பார்க்கிறாள். புகைக்கரி உள்ளே வராமலிருக்க வாசலில் எப்போதும் ஒரு ஈரத் துணி தொங்கும். துணியைத் தள்ளிக்கொண்டு ஹாலம்மா உள்ளே வந்து மேசைமேல் மூட்டையை இறக்கினாள்.

மெஹருன் மூக்கு நுனிக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “வாங்கக்கா. என்ன பண்ணீங்க?”

“நான் என்ன பண்ணினேன்? ஒண்ணும் பண்ணல. அதுவா நின்னுடுச்சு.”

“பதினஞ்சு வருஷமா அந்த ஸ்டூல்ல உக்காந்தவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர் கீபோர்டு முழுக்க சாம்பாரைக் கொட்டிக்கிட்டு வந்து, காத்துல ஈரம் ஜாஸ்திங்கறாரு. துவரம் பருப்பை எடுத்து அவர் உள்ளங்கையிலயே வெச்சேன்.”

ஹாலம்மா வாய்விட்டுச் சிரித்தாள். “அச்சு அசல் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பேச்சு!”

“இவ ரெண்டு அறை விட்டா” என்றார் கொட்ரப்பா, வாசலோரம் நின்றபடி.

“டிவிக்கு விட்டா வருதில்ல? அந்த நெனப்புல விட்டேன். இதெல்லாம் ஒரு கணக்கா?” என்று ஹாலம்மா அவரை முறைத்தாள்.

மெஹருன் எதையும் திறக்கவில்லை. முதலில் சார்ஜரைப் பிடுங்கினாள், பேட்டரியைக் கழற்றினாள், பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு முப்பது வரை எண்ணினாள். உள்ளே தேங்கின கரண்ட் இறங்கட்டும் என்றாள். மறுபடி மாட்டிப் போட்டாள். வெள்ளைக் கோடு மறுபடி கண்ணடித்தது. பிறகுதான் பக்கவாட்டில் தொங்கிய டிஸ்க்கைப் பார்த்தாள்.

“இதை எதுக்கு மாட்டின மேனிக்கே வெச்சிருக்கீங்க? எப்பவும் லேப்டாப் எந்திரிச்ச பிறகுதானே மாட்டுவீங்க?”

“ஆயுத பூஜையில ஜோடியா வெச்சுக் கும்பிட்டேன். கும்பிட்ட ஜோடியைப் பிரிக்க எனக்கு மனசு வருமா? நான் பார்க்கிற தொழில் என்ன?”

மெஹருன் டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். கோடு இரண்டு தடவை சிமிட்டியது. பிறகு திரை வெளுத்து, இசை போட்டுக்கொண்டு லேப்டாப் எழுந்து உட்கார்ந்தது. ஹாலம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அட, இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்க்கா. தப்பு என்னோடது.” மெஹருன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “போன மாசம் உங்களுக்குப் புதுசா எல்லாம் ஏத்திக் கொடுத்தேன் இல்லையா? அப்ப, எந்திரிச்சதும் முதல்ல வெளியில மாட்டியிருக்கறதைப் பாருன்னு லேப்டாப்புக்குச் சொல்லி வெச்சேன். வேலை முடிஞ்சதும் அதை மாத்தி, உள்ள இருக்கறதையே பாருன்னு சொல்லியிருக்கணும். மறந்துட்டேன். அது பாவம், வெளிய இருக்கற டிஸ்க்கைக் கூப்பிட்டுக்கிட்டே நின்னிருக்குது. மன்னிச்சுடுங்க.”

ஹாலம்மாவுக்கு இதைவிட இனிப்பான சொல் அன்றைக்குக் காதில் விழுந்திருக்காது. “பார்த்தீங்களா! என்னை என்ன கேள்வி கேட்டா! என்ன பண்ணீங்களாம், என்ன பண்ணீங்க!” என்று கொட்ரப்பாவைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தாள். மெஹருன் சிரித்துக்கொண்டே இரண்டு மூன்று சாவிகளைத் தட்டி, அந்த ஏற்பாட்டை மாற்றி வைத்தாள். ஹாலம்மா சேலையை உதறி மூட்டை கட்டத் தயாரானாள்.

“இருங்கக்கா. டிஸ்க் ஏன் பதில் சொல்லாம நின்னுதுன்னு பார்க்க வேண்டாமா?” என்று மெஹருன் ஒயரைத் திரும்பச் செருகினாள்.

டிஸ்க்கில் நீல விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. அடுத்த ஓட்டையில் செருகினாள், ஒயரை மாற்றினாள், தன்னுடைய சொந்த லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தாள். எங்கே மாட்டினாலும் விளக்கு எரிந்தது, டிஸ்க் வரவில்லை. காதோரம் வைத்துக் கேட்டாள். சுற்றுகிற சத்தம் லேசாகத் தொடங்கித் தொடங்கி நின்றது. மெஹருன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. சட்டென்று ஒயரைப் பிடுங்கிவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்து டிஸ்க்கின் வாயை, ஒயர் செருகுகிற அந்தக் குறுகலான இடத்தை, வெளிச்சத்தில் பார்த்தாள்.

“தண்ணி பட்டிருக்குதே.”

“தண்ணியா?”

“வெள்ளையா உப்புப் பூத்திருக்கு. அது மேல சிவப்பா துரு. தண்ணி உள்ள போய்க் காஞ்சா இப்படித்தான் ஆகும்.” பிறகு நேராக ஹாலம்மாவைப் பார்த்துக் கேட்டாள். “அக்கா, பூஜையில இது மேல ஏதாவது வெச்சீங்களா?”

போன வருஷ ஆயுத பூஜைக்கு ஹாலம்மா லேப்டாப்பின் கீபோர்டு முழுக்கக் குங்குமம் அப்பி, காற்று வருகிற சந்தில் செவந்திப் பூ செருகிவிட்டாள். மெஹருன் அரை நாள் பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்து எடுத்தாள். அன்றைக்குத் திட்டிய திட்டில் ஹாலம்மா, இனிமேல் லேப்டாப்பில் பூஜைச் சாமான் எதையும் வைப்பதில்லை என்று கொட்டூர் சாமிமேல் சத்தியம் செய்துவிட்டுப் போனாள்.

சத்தியத்தை மீறவும் இல்லை. லேப்டாப்புக்குத்தானே சத்தியம்? டிஸ்க்குக்கு இல்லையே! மூவாயிரம் குடும்பத்தைச் சுமக்கிற பெட்டியை, அதுவும் இத்தனை பெரிய கூட்டத்துக்கு முன்னால், நெற்றியில் ஒன்றும் இல்லாமல் விதவைக் கோலத்தில் விடுவதா? இந்த வருஷ பூஜையில் விபூதியைத் தண்ணீரில் குழைத்தாள். மேல்பக்கம் சொரசொரப்பாக இருந்ததால் பட்டை நிற்கவில்லை. எது இதற்கு வாயோ அதுவே முகம் என்று தீர்மானித்து, ஒயர் மாட்டுகிற இடத்தில் மூன்று பட்டை இழுத்து, நடுவில் ஈரக் குங்குமத்தை அழுத்தி வைத்தாள். அது காய்வதற்கு முன்பே ஒயரையும் செருகினாள். கொட்ரப்பா ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். மறுநாளிலிருந்து, தசரா வழக்கப்படி வீடு வீடாக வன்னி இலை கொடுத்துக் கூட்டத்துக்கு அழைக்கிற அலைச்சலில், நாலு நாள் அந்த ஜோடியை யாரும் தொடவில்லை.

“நீ அவ்வளவு சொன்ன பிறகு வைப்பேனா?” என்றாள் ஹாலம்மா. “தூரத்துல நின்னு ஊதுபத்தி மட்டும் காட்டினேன். அவ்வளவுதான்.”

பொய். அவள் வாயிலிருந்து அது வழுக்கிக்கொண்டு வந்த வேகத்தில் அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. கொட்ரப்பா தலையைத் தூக்கி, ஓடாத மின்விசிறியை வெகு அக்கறையாகப் பார்த்தார். “நான் போய்க் கொஞ்சம் மண்டக்கி வாங்கிட்டு வரேன்” என்று ஈரத் துணியைத் தள்ளிக்கொண்டு பின்கட்டுப் பக்கம் நழுவினார். கேட்டால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார். அதனால் கேட்கிற தூரத்திலேயே இருக்கக் கூடாது என்று பார்த்தார் போலிருக்கிறது.

மெஹருன் நம்பிவிட்டாள். ஹாலம்மா சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? ஊரில் எல்லோரிடமும் உண்மையைப் பிடுங்குகிறவள் ஆயிற்றே!

“அப்ப இது துருதான். வீட்டுல ஓதம் இருக்கும். அக்கா, இனிமேல் இதுக்குக் கரண்டே கொடுக்கக் கூடாது. உள்ள எவ்வளவு தூரம் போயிருக்குன்னு தெரியாது. மேல தொடைச்சு ஓட விட்டேன்னா, உள்ள பத்திக்கிச்சுனா, அப்புறம் கடவுளே வந்தாலும் ஒரு போட்டோ கூட எடுக்க முடியாது. என்னால இதைத் திறக்க முடியாது. இந்தக் கரியில திறக்கவே கூடாது. பெங்களூருல தூசி இல்லாத அறை வெச்சிருக்காங்க, அங்க அனுப்பணும்.”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துடுமா?”

“இருபது நாளாகும்க்கா.”

ஹாலம்மா டிஸ்க்கைப் பார்த்தாள். கூட்டம் போனால் போகட்டும், அறுநூறு குடும்பத்தின் காலில் விழுந்துகூட மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். “அங்க என்ன பண்ணுவாங்க?”

“உள்ள இருக்கறதை எல்லாம் எடுத்து வேற டிஸ்க்குல போடுவாங்க. சரியா வந்திருக்கான்னு ஒவ்வொண்ணா திறந்து பார்ப்பாங்க.”

“திறந்தா?”

“திறந்துதான்.”

ஹாலம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். வங்கி மேனேஜர் ஒருவர் தலையில் இருப்பது சொந்த முடி இல்லை. ஹரப்பனஹள்ளிப் பெண் ஒருத்தி மூன்று நாள் கோவாவுக்கு ஓடிப்போய், அங்கே சாப்பாடு பிடிக்காமல் தானாகத் திரும்பி வந்தவள். இரும்புக் கடை வீட்டுப் பையனுக்குக் கல்யாணமே வேண்டாம், மடத்தில் சேர வேண்டும் என்று ஆசை, அப்பாவிடம் சொல்லப் பயம். சிரிக்கிற மாதிரி இருப்பவை இவை. சிரிக்க முடியாதவையும் இருந்தன. மாமியாருக்கே தெரியாமல் மாத்திரை சாப்பிடுகிற மருமகள்கள், தம்பி என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு பிள்ளை. ஒவ்வொருவரும் சொல்லும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்கள். அந்தக் கைகள் எல்லாம் இப்போது தன்னைப் பிடித்து இழுப்பது போல அவளுக்கு இருந்தது. பெங்களூரில் யாரோ முகம் தெரியாத பயல்கள், டீ குடித்துக்கொண்டே ‘வயிறு’ என்கிற தாளைத் திறந்து, டேய் இதைப் பாருடா என்பார்கள்.

மெஹருன் டிஸ்க்கைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள். “மத்தியானம் கூரியர் வரும். வீட்டு அட்ரஸை இதுல எழுதிக் கொடுங்கக்கா.”

ஹாலம்மா பேனாவை வாங்கினாள். எழுதவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் டிஸ்க் ஒருவேளை பிழைக்கும். ஆனால் சத்தியம் செய்துவிட்டு மீறியவள், அதோடு விடாமல் முகத்தைப் பார்த்துப் பொய்யும் சொன்னவள் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும். தன்னைவிட இருபது வயது சின்னவள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால், தப்பு என்னோடது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். அதற்கு இரண்டு கையை விரித்து ஆடியது யார்? நினைத்தபோது ஹாலம்மாவுக்குக் காதெல்லாம் சுட்டது. எத்தனை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, சொல்லிடுங்க, சொல்லிடுங்க என்று அவள் சுலபமாகக் கேட்டிருக்கிறாள்! சொல்கிறவர்களுக்கு அது இவ்வளவு கஷ்டம் என்று இருபத்தாறு வருஷமாக அவளுக்குத் தெரியவே இல்லை.

“மெஹரு.”

“சொல்லுங்கக்கா.”

“அது துரு இல்ல.”

மெஹருனின் கை நின்றது.

“உப்பும் இல்ல. வெள்ளையா இருக்கறது விபூதி. சிவப்பு குங்குமம். நான்தான் வெச்சேன். குழைச்சு, அழுத்தி வெச்சேன். லேப்டாப்புக்குத்தானே சத்தியம், டிஸ்க்குக்கு இல்லையேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அப்புறம் நீ கேட்டப்ப வாய் வரல. பொய் சொல்லிட்டேன் தாயி.”

 மெஹருன் துணியைப் பிரித்தாள், பூதக்கண்ணாடியை எடுத்தாள், மறுபடி அந்த வாயைப் பார்த்தாள். பிறகு ஒரு மரக்குச்சியின் நுனியால் லேசாகச் சுரண்டி, விரலில் தேய்த்து, முகர்ந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஹாலம்மா பயந்துபோய் எழுந்துவிட்டாள். அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மூணு பட்டையாக்கா? வாயிலயா?”

“முகம் எதுன்னு தெரியலையே!”

சிரிப்பு ஓய்ந்ததும் கோபம் வந்தது. “அக்கா, பெங்களூருக்குப் போயிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா? துருன்னு நான் எழுதிக் கொடுத்திருப்பேன். அவங்க என் பேச்சை நம்பி மொத்தமா பிரிச்சுப் போட்டிருப்பாங்க. நல்லா இருக்கற டிஸ்க்கை! என் பேரு, உங்க ஃபைலு, ரெண்டும் சேர்ந்து போயிருக்கும்.”

“திட்டு. நல்லா திட்டு. போன வருஷத்தை விட ஜாஸ்தி திட்டு.”

“திட்டறதுக்கு நேரமில்ல. அந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுங்க.”

பிறகு அவர்கள் இரண்டு பேரும் வேலை செய்தார்கள். மெஹருன் பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாள். ஹாலம்மா கைவிளக்கைப் பிடித்தாள். இறுகிப்போயிருந்த விபூதி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ரோஸ் நிறத்தில் துணியில் இறங்கியது. சந்தில் ஒட்டியதை மரக்குச்சியால் நெம்பினாள். விளக்கெரியக் கரண்ட் போகிற தகடு ஒன்று, டிஸ்க் பேசுகிற தகடு வேறு, நீங்கள் சரியாகப் பேசுகிற தகட்டின் மேலேயே பொட்டு வைத்திருக்கிறீர்கள் என்று மெஹருன் சொன்னாள். வாயை அடைத்துவிட்டுக் கூப்பிட்டால் எப்படிப் பதில் வரும்? ஹாலம்மா விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

கொட்ரப்பா ஒரு பெரிய பொட்டலம் காரம் போட்ட மண்டக்கியோடு திரும்பி வந்து, ரோஸ் துணியைப் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார். “சொல்லிட்டியா?” என்றார். அவள் தலையாட்டினாள். “அதானே” என்று பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தார்.

கால் மணி நேரம் காயவைத்தார்கள். பிறகு மெஹருன், “யா அல்லா” என்று ஒயரைச் செருகினாள். ஹாலம்மா சாமி பேரைச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் சத்தியக் கணக்கு கொஞ்சம் பாக்கி இருந்தது. நீல விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ முனகியது, தயங்கியது, பிறகு சீராகச் சுற்ற ஆரம்பித்தது. திரையில் டிஸ்க் வந்தது. குடும்பங்கள் வரிசையாக, அகர வரிசையில், ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போயின.

மெஹருன் அதைப் பார்த்ததும் லேப்டாப்பை ஹாலம்மா பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “நீங்களே நாலஞ்சு திறந்து பாருங்கக்கா. சரியா இருந்தா சொல்லுங்க.”

ஹாலம்மா திறந்து பார்த்தாள். போட்டோ வந்தது, ஜாதகம் வந்தது. வங்கி மேனேஜரின் ‘வயிறு’ வந்தது, இரும்புக் கடைப் பையனுடையது வந்தது. அந்த நேரம் முழுவதும் மெஹருன் சுவரில் மாட்டியிருந்த மாவு மில் காலண்டரைப் பார்த்துக்கொண்டு மண்டக்கி மென்றுகொண்டிருந்தாள்.

“எல்லாம் இருக்குது.” ஹாலம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெட்கப்படாமல் நன்றாகவே துடைத்துக்கொண்டாள்.

“அப்ப இன்னொரு டிஸ்க்குல ஒரு நகல் எடுத்துடலாம். ஒரே இடத்துல இத்தனையை வெச்சுக்கிட்டு இருக்கறது எனக்கே பயமா இருக்குது. பழைய லேப்டாப்பு, மெதுவாத்தான் போகும். நாலு மணி நேரமாவது ஆகும். நீங்க எப்படியும் இங்கயே உக்காந்திருக்கணும்னு சொல்லுவீங்க. பின்னால கட்டில் இருக்கு, கொஞ்சம் சாயறதுன்னா சாயுங்க.”

ஹாலம்மா திரையைப் பார்த்தாள். மூவாயிரம் குடும்பம். இத்தனை வருஷத்தில் இந்த டிஸ்க்கை ஒரு நாளும் அவள் வெளியில் விட்டதில்லை. பழுதுக்கு லேப்டாப்பைக் கொண்டுவந்தாலும் டிஸ்க்கை வீட்டு அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் வருவாள். எழுந்து சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

“எனக்கு மண்டபத்துல வேலை கிடக்கு. சமையல்காரன் கடலைப் பருப்பு எத்தனை சேருன்னு இன்னும் சொல்லல. முடிஞ்சதும் ஃபோன் பண்ணு.”

“வெச்சுட்டா போறீங்க?” மெஹருன் நாற்காலியைச் சட்டென்று திருப்பினாள்.

“பின்ன, காவலுக்கே ஒரு காவல் வெக்கணுமா?” என்று ஹாலம்மா ஈரத் துணியைத் தள்ளிக்கொண்டு வெளியே இறங்கினாள்.

கொட்ரப்பா மொபெட்டைக் கிளப்பாமல் கடையைத் திரும்பிப் பார்த்தபடி நின்றார். அவராக ஒரு கேள்வி கேட்டு எத்தனையோ நாளாயிற்று. இப்போது கேட்டார். “அத்தனை பேர் சமாசாரம் அதுல இருக்கே ஹாலம்மா. விட்டுட்டு வரியே?”

ஹாலம்மா பின்னால் ஏறி, காலியாக இருந்த மடியில் கையை வைத்துக்கொண்டாள்.

“என்னோடதே அவகிட்டதான் இருக்கு. மத்தவங்களோடதும் இருக்கட்டும். வண்டியை எடுங்க.”